ஹங்கேரி குலாஷ்: வீட்டில் சமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹங்கேரியின் பெருஞ்சமவெளியில் மாடு மேய்த்தவர்கள் திறந்தவெளியில் கொப்பரையைத் தொங்கவிட்டுச் சமைத்த குலாஷ், இன்று அந்நாட்டு வீடுகளில் குடும்பம் முழுவதும் கூடி உண்ணும் சாப்பாடாக இருக்கிறது. அதைக் கெட்டியான கறிக்குழம்பு என்று நினைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. அங்கே குலாஷ் கரண்டியால் அள்ளிக் குடிக்கும் சூப். குறுக வைத்த இறைச்சிக்குப் பெர்கெல்ட் என்று வேறு பெயர் உண்டு. ஆகவே மைதாவைக் கரைத்து ஊற்றுவதும், புளித்த கிரீமைக் கலப்பதும் வேண்டாம்.

பெரும்பாலான குலாஷ் கெடுவது, சிவப்பு மிளகாய் வகையை உலர்த்தி அரைத்த பாப்ரிகா தூளைச் சேர்க்கும் அந்த அரை நிமிடத்தில்தான். அத்தூளில் இயற்கையாகவே சர்க்கரை இருப்பதால், சூடான கொழுப்பில் விழுந்த சில நொடிகளிலேயே கருகிக் கசந்துவிடும். பிறகு எதைச் சேர்த்தாலும் அந்தக் கசப்பு போகாது. வெங்காயம் வதங்கியதும் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, தூளைப் போட்டுக் கிளறி, கொழுப்பு செந்நிறமானவுடன் இறைச்சியையும் சிறிது தண்ணீரையும் சேர்த்த பின்னரே மீண்டும் அடுப்பில் ஏற்ற வேண்டும். செகெட், கலோச்சா ஆகிய ஊர்கள் பெயர்பெற்ற இனிப்பு வகைப் பாப்ரிகாவில் காரம் மிகக் குறைவு என்பதால் ஒரு கிலோ இறைச்சிக்கு இரண்டு, மூன்று மேசைக்கரண்டி தாராளமாகப் போடலாம். நம் வீட்டு மிளகாய்த்தூளை அதே அளவில் போட்டால் பிள்ளைகள் வாயில் வைக்க முடியாது. டப்பாவில் நெடுநாள் கிடந்து பழுப்பேறிய பாப்ரிகாவும் பயன்படாது.

வெங்காயத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஒரு கிலோ இறைச்சிக்கு 300 முதல் 400 கிராம் வரை பொடியாக நறுக்கி, பன்றிக்கொழுப்பில் பொன்னிறமாகும்வரை விடாமல், கண்ணாடிபோல் ஆகும்வரை சிறுதீயில் வதக்க வேண்டும்.

கொழுப்பே இல்லாத மென்மையான துண்டுகளை அதிக விலை கொடுத்து வாங்குவது வீண்செலவு, ஏனெனில் அவை நீண்ட நேரம் வேகும்போது நார்நாராக வறண்டுவிடும். தசைநார் நிறைந்த மாட்டுக் கால்சதையே ஏற்றது. அதிலுள்ள கொலாஜன் என்ற புரதம் மெல்ல மெல்லப் பசைபோன்ற ஜெலட்டினாக மாறுவதால், மாவு சேர்க்காமலேயே சாறு உதட்டில் லேசாக ஒட்டும் பதம் பெறுகிறது. அவசரப்பட்டுத் தளதளவெனக் கொதிக்க விட்டால் இறைச்சி இறுகிவிடும் என்பதால், இரண்டு மணி நேரமாவது மெல்லிய கொதியிலேயே வைத்திருங்கள்.

மணத்துக்குச் சேர்க்க வேண்டியது காரவே (caraway) எனப்படும் சீமைச் சோம்பு. சீரகம் போட்டால் வாசனையே வேறாகிவிடும். உருளைக்கிழங்கை இறைச்சி முக்கால் பதம் வெந்த பிறகே போடுங்கள், தொடக்கத்திலேயே போட்டால் கரைந்துவிடும்.

மாவையும் முட்டையையும் தண்ணீரின்றிக் கெட்டியாகப் பிசைந்து, விரல்நுனியால் கிள்ளிப் போடும் சிபெட்கெ என்ற சிறு மாவுத்துண்டுகள் கடைசிப் பத்து நிமிடங்களுக்குரியவை. மறுநாளுக்கும் சேர்த்துச் சமைப்பவர்கள் அன்றைக்கு உண்ணும் அளவுக்கு மட்டும் அவற்றைத் தனியே வேகவைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் இரவெல்லாம் சாற்றை உறிஞ்சி ஊதிக் குழைந்துவிடும்.