பழைய கட்டடத்துக்கு விளக்கு: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

போன மாதம் கும்பகோணம் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் சுவரடியில் இரண்டு பையன்கள் விளக்கு புதைக்க வரிசையாகக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் வெட்டிய அதே குழி, ஏறக்குறைய அதே அளவு. அதனால்தான் இதை எழுதுகிறேன். எர்த் போடுங்கள், ஒயரைச் சரியாக முறுக்குங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது தெரியாதவர் இந்த வேலைக்கே வரக்கூடாது.

தரைக்குள் புதைக்கும் விளக்கு

படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஃபிட்டிங் கண்ணுக்குத் தெரியாது, சுவர் மட்டும் ஒளிரும். நானும் அதில் மயங்கி ஒரு பழைய அரசுக் கச்சேரிக் கட்டடத்தைச் சுற்றி 24 விளக்குகளைப் புதைத்தேன். ஆவணியில் திறப்பு விழா. ஐப்பசியில் இரண்டு நாள் அடைமழை. மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் விழுந்தது. தூக்கிவிட்டால் மறுபடி விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் கண்ணாடிக்குள் தண்ணீர் ஆடுகிறது. அங்கிருந்த வாட்ச்மேன் பெரியவர், “தம்பி, நெல்லக்கூட களத்துமேட்லதான் வைப்போம். நீங்க விளக்கைப் பள்ளத்துல வச்சிருக்கீங்க” என்றார். 17 விளக்குகள் போயின. அவற்றை எடுக்கக் கல்தளத்தை இரண்டாம் முறை பெயர்த்ததை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

பெட்டியில் ஐபி67 என்று போட்டிருந்தது. ஒரு மீட்டர் தண்ணீருக்குள் 30 நிமிடம் தாங்கும் என்பதுதான் அதற்கு அர்த்தம். நம் ஊர் ஐப்பசி 30 நிமிடத்தில் முடிகிறதா? மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். களிமண் இறங்கவும் விடாது. விளக்கு நாள்கணக்கில் ஊறிக் கிடக்கும்.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. எரியும்போது உள்ளே காற்று சூடேறி விரிந்து இடுக்கு வழியாகக் கொஞ்சம் வெளியேறும். அணைத்ததும், அல்லது சுடச்சுட இருக்கும்போதே மழை விழுந்ததும், சுருங்கி வெளி ஈரத்தை உறிஞ்சும். கேபிள் ஜாயின்ட் தண்ணீரில் கிடந்தால் அது தனி வழி. திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் கம்பி இழைகளுக்கு நடுவே நீர் ஏறி விளக்குக்குள் போய்விடும். நான் கேபிள் நுழையும் வாயை அடைக்கும் கிளாண்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், தண்ணீர் கேபிளுக்குள்ளேயே வந்திருக்கிறது.

அடியில் சல்லி போட்டுவிட்டோம் என்பார்கள். களிமண்ணுக்கு நடுவே சல்லிக்குழி ஒரு தொட்டிதான். அதிலிருந்து தண்ணீர் வெளியேற ஒரு குழாய் வேண்டும், அந்தக் குழாய்க்குச் சரிவு வேண்டும். திருவாரூர்ப் பக்கம் சரிவு தேடினால் கடலுக்குத்தான் போக வேண்டும். அப்புறம், மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்றால் அனுமதியில்லாமல் மண்வெட்டியைத் தொடவே கூடாது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் அது. பழைய அஸ்திவாரமும் செங்கல் தளமும் எவ்வளவு ஆழத்தில் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

நான் இப்போது செய்வது இதுதான்: சுவரைத் தொடாமல், கொஞ்சம் தள்ளி, ஓரடி உயரத்துக்குச் சின்ன மேடை. விளக்கு அதன்மேல். ஜாயின்ட் எல்லாம் தரைக்கு மேல் பெட்டிக்குள். பகலில் மேடை தெரியத்தான் செய்யும். தெரிந்துவிட்டுப் போகட்டும்.

அந்தப் பையன்களிடம் இதைச் சொன்னேன். “டிராயிங்ல இருக்கு சார்” என்றார்கள். வரைந்தவர் சித்திரையில் வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார்.

சுவரை உரசும் வெளிச்சம்

தாராசுரத்துத் தூண் சிற்பம் போன்றவற்றுக்குப் பக்கவாட்டில் உரசினாற்போல் வெளிச்சம் வேண்டும். நிழல் விழுந்தால்தான் உளி தெரியும். நேர் எதிரே ஃபோகஸ் வைத்தால் எல்லாம் தட்டையாகிவிடும். ஆனால் அதே முறையைச் சுண்ணாம்புக் காரை பூசிய நாயக்கர், மராட்டியர் காலச் சுவரில் செய்தால், ஒட்டுப்போட்ட இடம், உப்பிய இடம் எல்லாம் அம்மைத் தழும்பாகத் தெரியும். அதற்குத் தள்ளி நின்று மெல்லப் படர விடுங்கள். எதுவானாலும் ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு விளக்கை இரவல் வாங்கி, இருட்டில் கையில் பிடித்துப் பாருங்கள்.

பால் வெள்ளை

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் கூடினால் நீலம் கூடும். 6500 கெல்வின் விளக்கில் செங்கல்லும் சுண்ணாம்பும் செத்துப்போன நிறமாகும். 2700 முதல் 3000 வரை போதும். நீலம் கலந்த வெள்ளைக்குப் பூச்சியும் அதிகம் வரும். விளக்குப் பொறி வைத்துப் பூச்சி பிடிக்கும் ஊர் இது. சுவரையே பொறியாக்கினால் பல்லியும் சிலந்தி வலையும் கூடவே வரும்.

இரும்பு ஆணி

காரைச் சுவரில் அடிக்காதீர்கள். துரு ஊதும், காரை பிளக்கும்.

ஓடும் வண்ண விளக்கு

கல்யாண மண்டபத்துக்கு.

கூகை

மேல்மாடப் பொந்தில் கூகை ஆந்தை இருக்கிறதா என்று வேலைக்கு முன்பே ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். அது உட்கார்ந்து எலி பிடிக்க வயலில் பறவைத்தாங்கி நடுகிறோம், இங்கே அதன் வீட்டு வாசலில் ஃபோகஸ் அடிக்கிறோம். அந்தப் பக்கத்து விளக்கைத் திருப்பிவிட்டு, மற்றவையும் பத்து மணிக்கு அணையும்படி டைமர் போட்டுவிடுங்கள்.