பிஆர் போடுறதா வேணாமா: திருகோணமலையில இருந்து ஒரு எஞ்சினியர் போட்ட கணக்கு

டச்பே பக்கம் பின்னேரம் நாலு எஞ்சினியர் பொடியள் கூடினா கதை கடைசியா பிஆர்லதான், அதான் வெளிநாட்டில நிரந்தரமா இருக்கிற அனுமதியிலதான், வந்து நிக்கும். 2022-ல டொலர் 200-ல இருந்து 360க்கு பாஞ்ச பிறகு அது இன்னும் கூடிப்போச்சு. எல்லாரும் முதல்ல கேக்கிறது எந்த நாடு ஈசி எண்டுதான். என்னைக் கேட்டா அதை ஆறுதலா பாக்கலாம், முதல்ல உங்கட பிறந்த திகதிய எடுங்க.

ரெண்டு நாடும் வயசு, படிப்பு, வேலை, இங்கிலீஷ் எண்டு பொயிண்ட்ஸ் போட்டுத்தான் ஆள் எடுக்கிறது. அவுஸ்திரேலியா பொயிண்ட்ஸ்ல 25-ல இருந்து 32 வயசு வரைக்கும் 30 பொயிண்ட், 33 பிறந்தா 25, 40 பிறந்தா 15, 45 எண்டா கதவு பூட்டு. கனடா எக்ஸ்பிரஸ் என்ட்ரி எண்ட பிஆர் முறையில இன்னும் கறார், 29 வரைக்கும்தான் முழு மார்க், 30-ல இருந்து வருஷா வருஷம் குறைஞ்சு 45-ல சைபர். அதால யோசிப்பம் யோசிப்பம் எண்டு இழுக்கிறதும் ஒரு முடிவுதான், ஆனா அது உங்களுக்கு தெரியாமலே எடுபடுற முடிவு.

அடுத்தது அவுஸ்திரேலியா பொயிண்ட்ஸ பேப்பர்ல போட்டுப் பாருங்க. 31 வயசு, கலியாணம் கட்டாத பொடியன் எண்டு வைப்பம். வயசுக்கு 30, டிகிரிக்கு 15, தனியாள் எண்டதுக்கு 10, அஞ்சு வருஷ வேலைக்கு 10, ஐயெல்ட்ஸ் எண்ட இங்கிலீஷ் சோதனையில நாலு பகுதியிலயும் 7 எடுத்தா 10. மொத்தம் 75. 65 எண்டது வாசல்படி மட்டும்தான், அதோட நிண்டா யாரும் உள்ள கூப்பிட மாட்டாங்க. இதில கவனிக்க வேண்டியது என்னெண்டா ஐயெல்ட்ஸ 7-ல இருந்து 8 ஆக்கினா இன்னொரு 10 வரும், ஆறு மாசம் குந்தி இருந்து படிச்சா வாற அந்த 10-ம் அஞ்சு வருஷம் வெயிலுக்குள்ள சைட்ல நிண்டு காய்ஞ்சு எடுக்கிற 10-ம் ஒண்டுதான். எங்கட ஆக்கள் எல்லாம் எக்ஸ்பீரியன்ஸ் கூடட்டும் எண்டு இருப்பாங்க, இங்கிலீஷ தொடவே மாட்டாங்க, அதுக்குள்ள வயசு 33 தாண்டிடும்.

டிகிரி எங்க எடுத்தது எண்டதும் முக்கியம். இலங்கை 2014-ல வொஷிங்டன் அக்கோர்ட்ல (எஞ்சினியரிங் டிகிரிகள நாடுகள் ஒண்டுக்கொண்டு ஏத்துக்கொள்ற ஒப்பந்தம்) முழு உறுப்பினர் ஆனது, அதால அதுக்கு கீழ அங்கீகாரம் கிடைச்ச டிகிரி எண்டா எஞ்சினியர்மாரிட தகுதிய அங்க பாக்கிற என்ஜினியர்ஸ் ஒஸ்ட்ரேலியாட அசெஸ்மென்ட் லேசு. கிளிநொச்சி, ஒலுவில் மாதிரி புதுசா வந்த பீடங்கள்ல படிச்ச ஆக்கள் உங்கட பட்ச்சுக்கு அங்கீகாரம் இருக்கோ எண்டு முதல்ல பாருங்க. இல்லையெண்டா சிடிஆர் எண்ட திறமை அறிக்கை எழுத வேணும், அதில நீங்க செஞ்ச மூண்டு வேலையப் பத்தி மூண்டு எபிசோட். நான் கந்தளாய் தண்ணி லைன் வேலையப் பத்தி எழுதினன், எழுதி முடிச்சு வாசிச்சா எல்லா இடமும் "நாங்க செஞ்சம், நாங்க போட்டம்" எண்டே கிடக்கு. எங்கட பழக்கம் அப்பிடி, நான் எண்டு சொல்ல வாய் வராது. ஆனா அவங்களுக்கு வேண்டியது நீங்க என்ன கணக்கு போட்டீங்க, எந்த பைப்ப ஏன் எடுத்தீங்க எண்டதுதான். முழுக்க திருப்பி எழுதினன். முதல் தரம் ஒரு ஏஜென்ட் எழுதித் தாறன் எண்டு காசும் வாங்கிட்டு வேற யாருடையதோ கொப்பிய பேர் மாத்தித் தந்தவர், நல்ல காலம் அனுப்ப முதல் வாசிச்சன், கொப்பி எண்டு பிடிச்சா கொஞ்சக் காலத்துக்கு திரும்ப போடவே விடமாட்டாங்க.

வேலை செஞ்சதுக்கு ஆதாரம் வேணும், இதிலதான் எங்கட ஊர் ஆக்கள் கனபேர் விழுறது. சின்ன கொன்ட்ராக்டரிட்ட வேலை, சம்பளம் கையில, ஈபிஎஃப் இல்ல, கடிதம் கேட்டா "தம்பி பிறகு பாப்பம்". போற எண்ணம் அரைவாசி இருந்தாலே இண்டைக்கே சம்பளத்த பேங்குக்கு போடச் சொல்லுங்க. நான் கட்டார்ல நிண்ட வருஷங்களுக்கு பேங்க் ஸ்டேட்மென்ட்தான் காப்பாத்திச்சு. அங்க எத்தனை வருஷம் நிண்டாலும் கொன்ட்ராக்ட் முடிஞ்சா பெட்டி கட்டத்தான் வேணும், ஆனா அந்த வருஷங்களும் பொயிண்ட்ஸ்ல சேரும்.

காசு விஷயம் சுருக்கமா. அவுஸ்திரேலியா விசாவுக்கு மட்டும் பிரதான ஆளுக்கு 2025 கணக்குல 4,900 அவுஸ்திரேலிய டொலருக்கு மேல, மனுசி பிள்ளையளுக்கு வேற. கனடாக்கு கையிருப்பு காட்ட வேணும், ஆறு மாச சராசரியும் பாப்பாங்க, கடைசிக் கிழமை மாமாட காச அக்கவுண்ட்ல போட்டு காட்டலாம் எண்டு நினைக்காதீங்க.

இனி உண்மையான யோசனை. அவுஸ்திரேலியாட 491 விசா, அதான் பெரிய நகரங்களுக்கு வெளியில இருக்கிறதுக்கான விசா, எடுத்தா பொயிண்ட் 15 கூடும், ஆனா சிட்னி, மெல்பேர்ண், பிரிஸ்பேன் மூண்டிலயும் இருக்க ஏலாது. எங்கட சித்தி, மச்சான் எல்லாம் இருக்கிறது அங்கதான். அடிலெய்ட்ல தெரிஞ்ச முகம் ஒண்டும் இல்லாம மூண்டு வருஷம் நிக்க மனம் வருமோ எண்டு வீட்டில கேளுங்க. கனடாவில போன உடன எஞ்சினியர் எண்டு பேருக்கு முன்னால போட்டு வேலை செய்யவும் ஏலாது, மாகாண லைசன்ஸ் வேணும். ஒன்டாரியோவில கனேடிய அனுபவம் வேணும் எண்ட நிபந்தனைய 2023-ல எடுத்துட்டாங்க, அது நல்லம். எண்டாலும் முதல் ஒண்டு ரெண்டு வருஷம் டெக்னீசியன் வேலையோ வேற என்னவோ செய்ய உங்கட மானம் இடம் குடுக்குமோ? எனக்கு குடுக்கும். என்ர கூட்டாளி ஒராளுக்கு குடுக்கல்ல, ரெண்டு வருஷத்தில திரும்பி வந்துட்டான். அவன்ர முடிவு பிழை எண்டு நான் சொல்லமாட்டன்.

அம்மா அப்பா. இதைத்தான் எல்லாரும் கடைசிக்கு விடுறது. அவுஸ்திரேலியால சாதாரண பெற்றோர் விசாவுக்கு 30 வருஷத்துக்கு மேல வரிசை, காசு கட்டி எடுக்கிறதெண்டா ஒராளுக்கு 40,000 அவுஸ்திரேலிய டொலருக்கு மேல. கனடாவில பெற்றோர் வந்து நிக்க சூப்பர் விசா இருக்கு, ஒரு தரம் போனா அஞ்சு வருஷம் வரைக்கும் நிக்கலாம். ஆனா வெள்ளிக்கிழமை கோணேசர் கோயில் மலையேறாம இருக்காத எங்கட அம்மா குளிருக்குள்ள அஞ்சு வருஷம் நிப்பாவோ எண்டத எந்த பொயிண்ட்ஸ் டேபிளும் சொல்லாது.

பிஆர் எடுத்தா இலங்கைக் குடியுரிமை போகாது, அதுக்கு பயப்படாதீங்க. அந்த நாட்டு சிட்டிசன் ஆகேக்கதான் போகும், இரட்டைக் குடியுரிமைக்கு அப்ளை பண்ணி வைச்சிருக்கலாம். (பாராளுமன்றம் போற ஆசை இருந்தா மட்டும் யோசியுங்க, 2022-ல 21வது திருத்தத்தோட அதுக்கு தடை.) ஆனா பிஆர எடுத்து வைச்சிட்டு இஞ்ச இருக்கிறதெண்டா வேலைக்காகாது, கனடாவில அஞ்சு வருஷத்துக்கு 730 நாள் நிண்டே ஆகணும்.

ஊரில நல்ல ப்ராஜெக்ட் வரட்டும் எண்டு இருக்கிற ஆக்களுக்கு ஒண்டு. சம்பூர் நிலக்கரி பிளாண்ட நம்பி இருந்த ஆக்கள எனக்குத் தெரியும், 2016-ல அதை கைவிட்டாங்க, இப்ப அதே சம்பூர்ல சோலார். சைனாபே எண்ணெய்க் குதங்கள ஒவ்வொரு அரசாங்கமும் வந்து பாத்துட்டுப் போகுது. வந்தா சந்தோஷம், ஆனா உங்கட 33 அதுக்காக காத்திருக்காது.

எனக்கு வாற ஆவணியில 40. அசெஸ்மென்ட் கடிதம் அலுமாரிக்குள்ள கிடக்கு, போடுறமோ இல்லையோ எண்டு வீட்டில இன்னும் முடியல்ல, முந்தநாள் பாத்தா மனுசி என்ர பழைய ஐயெல்ட்ஸ் புத்தகத்த தூசு தட்டி வைச்சு வாசிக்கிறா, அவ பாஸ் பண்ணினா 5 பொயிண்ட்.