கழுதை ஆட்டம்: 52 சீட்டையும் கையை விட்டு இறக்குவது எப்படி

கழுதையில் ஜெயித்தவர் என்று யாரும் இல்லை, தோற்றவர் ஒருவர் மட்டும்தான். சீட்டு தீர்ந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போக, கடைசியில் சீட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பவர் கழுதை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்த நாட்களில் பாம்பன், மண்டபம், தொண்டி பக்கம் வலைக் கொட்டகையில் நாலு பேர் கூடினால் சீட்டுக்கட்டு வெளியே வந்துவிடும். புதிதாக வந்து உட்காருபவர் முதல் ஆட்டத்திலேயே கழுதை ஆவதற்கு ஒரே காரணம், பெரிய சீட்டைப் பொக்கிஷம் மாதிரி பத்திரப்படுத்துவது. பெரிய சீட்டால் சுற்றைப் பிடிக்கும் 304 போன்ற ஆட்டம் ஆடிப் பழகிய கைக்கு இந்த வியாதி இன்னும் அதிகம்.

நாலு சீட்டு ஒரே மாதிரி சேர்ந்ததும் நடுவில் கையை வைக்கிற, பிள்ளைகள் ஆடும் கழுதை வேறு. இங்கே சொல்வது வெட்டுக் கழுதை.

கட்டு, ஆள், இடம்

ஜோக்கரை எடுத்துவிட்டு 52 சீட்டு. ஒவ்வொரு இனத்திலும் ஆஸ் பெரிது. அடுத்து ராஜா, ராணி, ஜாக்கி, 10 என்று இறங்கி 2-இல் முடியும். துருப்பு கிடையாது. இஸ்பேடு, ஆர்ட்டின், டைமன், கிளாவர் நாலு இனமும் சமம்.

மூன்று பேர் முதல் ஏழு பேர் வரை ஒரு கட்டில் ஆடலாம். நாலு பேர்தான் அளவான ஆட்டம், ஆளுக்கு 13. ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 10, இரண்டு பேருக்கு 11 வரும். ஆறு பேர் என்றால் நாலு பேருக்கு 9, இரண்டு பேருக்கு 8. ஒரு சீட்டு கூடுதலாக வந்தவர் முறைப்பார், வேறு வழியில்லை. எல்லாச் சீட்டையும் பங்கிட்டே ஆக வேண்டும்.

கட்டில் டைமன் 3 தொலைந்துவிட்டது என்று ஆட்டத்தை நிறுத்த வேண்டாம். இதில் புள்ளிக் கணக்கு இல்லை, 51 சீட்டிலும் ஆடலாம். இஸ்பேடு ஆஸ் மட்டும் இருந்தாக வேண்டும். அது தொலைந்திருந்தால் ஒரு ஜோக்கரில் பேனாவால் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையில் காகிதச் சீட்டு சீக்கிரம் கெடும். உப்புக்காற்றில் ஈரம் ஏறி ஒன்றோடொன்று ஒட்டும். இரண்டு சீட்டு சேர்ந்தே விழும். மணல் உரசி விளிம்பில் அடையாளம் விழும். அடையாளம் விழுந்த ஆஸ் யாரிடம் இருக்கிறது என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். முழுப் பிளாஸ்டிக் கட்டு வாங்குங்கள், அழுக்கானால் ஈரத் துணியால் துடைத்துக் காய வைக்கலாம். கச்சான் காற்று அடிக்கும்போது வெட்டவெளியில் ஆடவே முடியாது. கரையேற்றிய வள்ளத்தின் மறைவில் பாய் விரித்து, கழிந்த சீட்டின் மேல் வலையில் கட்டும் ஈயக் குண்டு ஒன்றை வைத்துவிட்டு ஆடுங்கள்.

முதல் சுற்று

சீட்டைப் பங்கிடுகிற திசையும் ஆடுகிற திசையும் ஒன்றாக இருக்கட்டும். வலமா இடமா என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

இஸ்பேடு ஆஸ் யாரிடம் இருக்கிறதோ அவர் அதை இறக்கித்தான் ஆட்டம் தொடங்கும். மற்றவர்கள் வரிசையாக இஸ்பேடு போட வேண்டும். இல்லாதவர் எந்தச் சீட்டையும் போடலாம், முதல் சுற்றில் மட்டும் அது வெட்டு ஆகாது. எல்லாரும் போட்டதும் சீட்டுகளைக் கவிழ்த்து ஓரமாக ஒதுக்குங்கள். அதை இனி யாரும் திருப்பிப் பார்க்கக் கூடாது.

இந்தச் சுற்றில் எந்த ஆபத்தும் இல்லை என்பதால் கையிலிருக்கும் பெரிய இஸ்பேடைப் போடுங்கள். ராஜா இருந்தால் ராஜா. இஸ்பேடே இல்லாதவருக்கு அதிர்ஷ்டம், வேறு இனத்து ஆஸ் ஒன்றை இலவசமாகத் தள்ளிவிடலாம். இங்கே 2-ஐப் போட்டுவிட்டு ராஜாவைக் கையில் வைத்திருப்பவரை மற்றவர்கள் அன்போடு பார்ப்பார்கள்.

வெட்டு

இஸ்பேடு ஆஸ் இறக்கியவரே இரண்டாம் சுற்றையும் தொடங்குவார், எந்த இனமும் இறக்கலாம். மற்றவர்கள் அதே இனம் போட வேண்டும். எல்லாரிடமும் அந்த இனம் இருந்தால் சீட்டுகள் கழிந்துவிடும். அதில் பெரிய சீட்டுப் போட்டவர் அடுத்து இறக்குவார்.

யாரிடமாவது அந்த இனம் இல்லையென்றால் அவர் வேறு இனச் சீட்டு ஒன்றைப் போட்டு வெட்டுவார். வெட்டு விழுந்த உடனே சுற்று நின்றுவிடும். அடுத்து இருப்பவர் போட வேண்டியதில்லை. இறக்கிய இனத்தில் அதுவரை பெரிய சீட்டுப் போட்டவர் கீழே கிடக்கும் அத்தனையையும், வெட்டிய சீட்டையும் சேர்த்து, அள்ளிக்கொள்ள வேண்டும். அள்ளியவரே மறுபடி இறக்குவார்.

ஒரு மேசையைப் பார்ப்போம். வரிசை: மாமா, மதினி, மச்சான், தம்பி. மதினி ஆர்ட்டின் 3 இறக்குகிறார். மச்சானிடம் ஆர்ட்டின் 2, ஜாக்கி இரண்டும் உண்டு. ஆர்ட்டின் இப்போதுதான் முதல்முறை வருகிறது, எல்லாரிடமும் இருக்கும் என்று நம்பி ஜாக்கியைப் போடுகிறார். கணக்கு சரிதான். ஆனால் தம்பியிடம் ஆர்ட்டின் இல்லை. கையில் கனத்துக்கொண்டிருந்த டைமன் ஆஸை வைத்து வெட்டிவிட்டான். மாமா போடவேயில்லை. ஆர்ட்டின் 3, ஜாக்கி, டைமன் ஆஸ் மூன்றும் மச்சான் கைக்குப் போய்விட்டன.

இப்போது இறக்க வேண்டியவர் மச்சான். ‘சின்னதாக ஆர்ட்டின் 2 இறக்கினால் வேறு யாராவது பெரிசு போட்டு மாட்டுவார்கள்’ என்று நினைத்தால் மறுபடி அள்ளுவார். அடுத்த கை தம்பி, அவனிடம் ஆர்ட்டின் இல்லை, உடனே வெட்டுவான். கீழே கிடக்கும் ஒரே ஆர்ட்டின் மச்சானுடையது, அது 2 ஆனாலும் அதுதான் பெரியது. அதே 2-ஐ மாமா இறக்கியிருந்தால் கதை வேறு. மதினியும் மச்சானும் அதற்கு மேல் போட்டாக வேண்டும், அதன் பிறகுதான் தம்பியின் வெட்டு. மாட்டுவது அவர்கள் இருவரில் ஒருவர்.

ஆகவே ஓர் இனம் தீர்ந்தவர் உங்களுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தால் அந்த இனத்தைத் தொடாதீர்கள். அவர் சுற்றின் கடைசியில் இருந்தால் சின்னச் சீட்டாக இறக்குங்கள். யாரிடம் எது இல்லை என்பதை முதல் வெட்டிலிருந்தே மனதில் குறித்துக்கொண்டாலே பாதி ஆட்டம் கைவசம். அள்ளியவர் எதை அள்ளினார் என்பதும் கணக்கில் வர வேண்டும். தம்பி நாளைக்கு ஆர்ட்டினை அள்ளினால் பழைய கணக்கு செல்லாது.

பெரியதை எப்போது விடுவது

ஓர் இனம் முதல்முறை வரும்போதுதான். நாலு பேர் ஆட்டத்தில் 13 சீட்டு நாலு கையில் பிரிந்திருப்பதால் முதல் சுற்று பெரும்பாலும் வெட்டில்லாமல் போகும். இரண்டாவது சுற்றில் சந்தேகம். மூன்றாவதில் வெட்டு விழாவிட்டால்தான் ஆச்சரியம், மிச்சம் இருப்பதே 5 சீட்டு. ஆறு பேர் ஆடினால் முதல் சுற்றையே முழுசாக நம்ப முடியாது.

மச்சான் இப்போது டைமன் ஆஸை இறக்குவதே நல்லது. டைமன் இன்னும் வரவில்லை, எல்லாரும் போட்டால் ஆஸ் தொலைந்தது. ஒவ்வொரு இனத்திலும் ஒரு 2 அல்லது 3-ஐக் கடைசி வரை வைத்திருங்கள்.

உங்களுக்கு வெட்டக் கிடைக்கும்போதும் அதே விதி, கையிலிருப்பதில் பெரியது, அல்லது ஒற்றையாக நிற்கும் சீட்டு. ஒற்றையை விட்டால் இன்னொரு இனத்திலும் வெட்டும் வாய்ப்பு திறக்கும்.

சண்டை வரும் இடங்கள்

இனம் கையில் இருந்தும் கவனிக்காமல் வெட்டிவிடுவது அடிக்கடி நடக்கும், ஆர்ட்டினும் டைமனும் ஒரே சிவப்பு என்பதால். சீட்டை அடுக்கும்போது சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு என்று மாற்றி அடுக்கினால் இந்தத் தொல்லை குறையும். கள்ள வெட்டு பிடிபட்டால் அள்ளப்பட்ட சீட்டெல்லாம் வெட்டியவருக்கே என்று வைத்துக்கொள்வது நியாயமான தண்டனை.

பெரிய சண்டை கடைசிச் சீட்டில். ஒருவர் தன் கடைசிச் சீட்டைப் போடுகிறார், வெட்டு விழவில்லை, அதுவே பெரியது. அடுத்து இறக்க வேண்டியவர் அவர்தான், ஆனால் கையில் ஒன்றுமில்லை. இதற்கு இரண்டு வழக்கம் உண்டு: அவர் எழுந்துபோக அடுத்த கை இறக்குவது ஒன்று, கழிந்த சீட்டிலிருந்து பார்க்காமல் ஒன்றை உருவி அதை இறக்குவது மற்றொன்று. உருவுகிற வழக்கத்தில் ஆட்டம் சூடாக இருக்கும். எதுவானாலும் சீட்டுப் போடும் முன்பே முடிவு செய்யுங்கள், நடுவில் கேட்டால் ஆளுக்கொரு சட்டம் சொல்வார்கள். இன்னொன்று: கடைசிச் சீட்டைப் போட்டதும் எழுந்துவிடக் கூடாது. பின்னால் வெட்டு விழுந்து உங்களுடையது பெரியதாக இருந்தால் அள்ளிக்கொண்டு திரும்ப உட்கார வேண்டும். கடைசிச் சீட்டால் வெட்டியவர் மட்டும் தயங்காமல் போகலாம்.

இருவர் மிஞ்சும்போது சின்னச் சீட்டின் அருமை தெரியும். உங்களிடம் இஸ்பேடு 2, எதிராளியிடம் இஸ்பேடு 9-ம் ஆர்ட்டின் ராஜாவும் இருக்கின்றன. நீங்கள் 2 இறக்கினால் அவர் 9 போட்டே ஆக வேண்டும். நீங்கள் தப்பித்தீர்கள், ராஜாவோடு அவர் கழுதை. அவரிடம் ஆர்ட்டின் ராஜா மட்டும் இருந்திருந்தால் அதனாலேயே உங்களை வெட்டிவிட்டுப் போயிருப்பார்.

மாற்று ஆட்டங்கள்

சுற்று தொடங்கும் முன் பக்கத்தில் இருப்பவரின் கைச் சீட்டு முழுவதையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு வழக்கம் உண்டு. கொடுத்தவர் தப்பித்துவிடுவார். பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் அவரிடம் இருப்பது இரண்டு மூன்று சின்னச் சீட்டு என்று தெரிந்து, உங்களிடம் பெரியதாகவே தேங்கியிருந்தால், வாங்குவதுதான் பிழைப்பு.

எட்டுப் பேரோ அதற்கு மேலோ என்றால் இரண்டு கட்டு, எட்டுப் பேருக்கு ஆளுக்கு 13. இஸ்பேடு ஆஸ் இரண்டு வரும். அவற்றை வைத்திருப்பவர்களில், சீட்டைப் பங்கிட்டவருக்கு வரிசையில் அருகில் இருப்பவர் தொடங்கட்டும். ஒரே சீட்டு இரண்டு விழுந்தால் பின்னால் விழுந்ததே பெரியது என்று வைத்தால் குழப்பம் இல்லை.

பணம் வைத்து ஆடாதீர்கள். 1930-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது, கொட்டகையில் கூடியவர்கள் மேல் வழக்கு வர அதுவே போதும். தோற்ற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் க, ழு, தை என்று ஒரு எழுத்து எழுதிக்கொண்டே வாருங்கள். மூன்றும் சேர்ந்தவர் எல்லாருக்கும் டீயும் வடையும். அதுவரைக்கும் ஒவ்வொரு முறையும் தோற்றவரே கட்டைக் கலைத்துப் போட வேண்டும்.