திரும்பத் திரும்ப வரும் தலைசுற்றல்: தடுப்பதற்கான வழிகள்

படுக்கையில் புரண்டாலோ பரணைப் பார்க்க அண்ணாந்தாலோ அறையே சில நொடிகள் சுழன்று அடங்குவது, பெரும்பாலும் உட்செவியிலுள்ள நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் இடம்பெயர்ந்து, தலையின் அசைவை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் புகுந்துவிடுவதால்தான். எப்லி என்னும் சிகிச்சை முறையில் மருத்துவர் தலையைப் படிப்படியாகத் திருப்பி அவற்றை வெளியேற்றிவிடுவார். ஆயினும் பலருக்குச் சில ஆண்டுகளுக்குள் இது திரும்பி வருகிறது என்பதை முன்பே அறிந்திருந்தால் வீண் பீதி இராது.

50 வயதைக் கடந்தோர், குறிப்பாகப் பெண்கள், எலும்பு மெலிவோ ஒற்றைத் தலைவலியோ உள்ளோர், தலையில் அடிபட்டோர் ஆகியோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். இது திரும்பி வருவதோடு தொடர்புடையவற்றில் நம்மால் திருத்தக்கூடியது வைட்டமின் டி குறைபாடு என்பதால், இரத்தப் பரிசோதனையை முதலில் செய்துகொள்ளுங்கள். தென் கொரியாவில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், குறைபாடு உள்ளவர்களுக்கு வைட்டமின் டியும் கால்சியமும் ஓராண்டு கொடுத்தபோது தலைசுற்றல் திரும்புவது குறைந்தது. மாத்திரையின் அளவை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

மீண்டும் சுற்றினால், எந்தப் பக்கம் திரும்பியபோது வந்தது, எத்தனை நொடி நீடித்தது என்று குறித்துவையுங்கள்; மருத்துவருக்கு அதுவே பெரிய துணை. எழும்போது கட்டில் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் அமர்ந்திருங்கள். முதியோர் உள்ள வீட்டில், கழிவறைக்குச் செல்லும் வழியில் இரவு முழுவதும் சிறு விளக்கு எரியட்டும். பேச்சுக் குழறலோ, இரட்டைப் பார்வையோ, கை கால் தளர்ச்சியோ சேர்ந்து வந்தால், சற்றும் காத்திராமல் அவசரச் சிகிச்சைக்குச் செல்லுங்கள்.