தலைவரைக் கண்டித்துப் பேசுவது எப்படி? ராமநாதபுரம் கரையூர்களுக்கு ஒரு கையேடு

"எம்.எல்.ஏ. தண்ணிக் காசைத் தின்னுட்டார்." வாட்ஸ்அப்பில் இந்த ஒரு வரி போதும், வக்கீல் நோட்டீஸ் வீடு தேடி வரும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "எங்கள் தெருவுக்கு மார்ச் 3 முதல் 19 வரை காவிரித் தண்ணீர் வரவில்லை. குடம் குடமாகத் தண்ணீரை விலைக்கு வாங்கினோம். 11-ம் தேதி எம்.எல்.ஏ. அலுவலகத்தில் மனு கொடுத்தோம், இன்றுவரை பதில் இல்லை. எங்கள் ஊர் விஷயத்தில் அவர் கையாலாகாதவர்." படிக்கிறவருக்கு உறைப்பது இரண்டாவதுதான். வழக்குப் போட வழி குறைவாக இருப்பதும் அதில்தான்.

காரணம் எளிது. அவதூறு இப்போது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் இருக்கிறது. தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. அதே பிரிவிலேயே விலக்குகளும் உண்டு. பொது ஊழியர் தன் வேலையைப் பார்த்த விதம் பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்து அவதூறு ஆகாது. "கையாலாகாதவர்" என்பது கருத்து. "தின்னுட்டார்" என்பது நடந்ததாகச் சொல்லும் செய்தி. அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். உண்மை என்று நிரூபித்தால் மட்டும் போதாது, அதைச் சொன்னதில் பொதுநன்மையும் இருக்க வேண்டும். ஆகவே தலைவரின் வீட்டு விவகாரம் உண்மையாகவே இருந்தாலும் தொடாதீர்கள்.

பணமாக இழப்பீடு கேட்டுப் போடும் உரிமையியல் (சிவில்) வழக்கில் நிலைமை இன்னும் சாதகம். ஆட்டோ சங்கர் வழக்கு என்று பேர் பெற்ற 1994 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. அரசோ உள்ளாட்சி அமைப்போ தன்னை அவதூறு செய்ததாக இழப்பீடு கேட்க முடியாது. அதிகாரியின் பணி தொடர்பாக எழுதியதில் பிழை இருந்தாலும், உண்மையா பொய்யா என்று பாராமல் எழுதியதாக அவர்தான் காட்ட வேண்டும். நீங்கள் விசாரித்துப் பார்த்த தடயம் கையில் இருந்தால் அதுவே கவசம்.

அந்தத் தடயத்துக்குத்தான் தகவல் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில் கேள்வி எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, ஸ்பீடு போஸ்ட்டில் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். "ஏன் வரவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, அவர்கள் தர வேண்டியது ஆவணம், விளக்கமல்ல. "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை எங்கள் வார்டுக்குத் தண்ணீர் விட்ட பதிவேட்டின் நகல்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

யாரைக் கண்டிப்பது என்பதிலும் தவறு நடக்கிறது. இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகுக்கு ஊராட்சித் தலைவரைத் திட்டிப் பயனில்லை, அது டெல்லியின் வேலை, எம்.பி.யைக் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்கால நிவாரணம் பட்டுவாடா ஆகாவிட்டால் மாநில மீன்வளத் துறையும் அதன் அமைச்சரும். தெருவிளக்கு, குப்பை என்றால் ஊராட்சி.

பாம்பன், தங்கச்சிமடம் போன்ற ஊராட்சிகளில் இதைப் பேசக் கிராம சபையைவிட நல்ல இடம் கிடையாது. ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பேசினால் மட்டும் பேச்சு காற்றோடு போகும். எழுத்தில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். வருகைக்குக் கையெழுத்து வாங்கிவிட்டுத் தீர்மானத்தைப் பிற்பாடு எழுதுவது பழைய தந்திரம். எழுதி முடித்த பக்கத்தைப் போனில் படம் எடுத்த பிறகு கலையுங்கள். ராமேசுவரமும் கீழக்கரையும் நகராட்சிகள், அங்கே கிராம சபை கிடையாது. ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.

ஆர்ப்பாட்டம் என்றால் இடம், நேரம், ஆள் எண்ணிக்கை, ஒலிபெருக்கி எல்லாம் எழுதிப் போலீஸில் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் பரமக்குடி இமானுவேல் சேகரன் நினைவுநாள், பசும்பொன் தேவர் குருபூஜை நிகழ்ச்சிகளை ஒட்டி மாவட்டத்தில் தடையுத்தரவு போடுவது வழக்கம். தேதி வைக்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த இடத்திலும் சாதிப் பெயர், மதம், பெண் தலைவரின் ஒழுக்கம், "வெட்டுவேன்" ஆகிய நான்கும் வாயில் வரக் கூடாது. அவை விமர்சனமே அல்ல, தனித்தனிக் குற்றங்களாகலாம். நம் மாவட்டத்தில் தண்ணீர்ச் சண்டை சாதிச் சண்டையாகத் திரும்ப ஒரு சொல் போதும். அதற்காகவே காத்திருக்கும் தலைவர்களும் உண்டு. ஆனால் முதல்வரையோ பிரதமரையோ கண்டித்தாலே தேசத்துரோகம் என்று பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். வன்முறையைத் தூண்டாதவரை அது குற்றமல்ல என்று கேதார்நாத் சிங் வழக்கில் 1962-லேயே தீர்ப்பாகிவிட்டது.

ஃபார்வர்டில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். படிக்காமல் அனுப்பிவிட்டேன் என்ற வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் ஏற்கவில்லை. அனுப்பியவரும் பொறுப்பு.

ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால்? அவதூறு மட்டும்தான் புகார் என்றால் வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாது. பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தில்தான் புகார் கொடுக்க வேண்டும். "எழுத்தில் சம்மன் கொடுங்க சார், வர்றேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். சாட்சி விசாரணை என்றால் பெண்களையும் 60 வயது கடந்தவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, வீட்டில்தான் கேட்க வேண்டும். பதிவை அழித்துவிடாமல் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நீங்கள் எழுதியது எது, மற்றவர் சேர்த்தது எது என்று காட்ட அதுதான் சாட்சி. இலவச வக்கீலுக்கு 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றால், வக்கீல் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அதை உங்களுக்கு எதிராகக் காட்டப் பார்க்கலாம்.