சீசன் நாளில் ஆசிய நகரங்களில் கட்டுப்படியான அறை எடுக்கும் முறை

கார்த்திகை பிறந்ததும் கன்னியாகுமரியில் அறை வாடகை என்ன ஆகும் என்பது நம் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் முக்கடலில் நீராட வரத் தொடங்கும் நாளிலிருந்து தை பிறக்கும் வரை, கடற்கரையை ஒட்டிய விடுதிகளில் சாதாரண நாளின் வாடகைக்கு அறை கிடைப்பதில்லை. விவரம் தெரிந்த குடும்பங்கள் அந்த நாட்களில் சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளி நாகர்கோவிலில் அறை எடுத்துக்கொண்டு, விடிவதற்கு முன்பே பேருந்தில் ஏறிச் சூரிய உதயம் பார்த்துவிட்டு, காலைச் சாப்பாட்டுக்கு அறைக்குத் திரும்பிவிடுகின்றன. கூட்டம் எங்கே கூடுகிறதோ அங்கே உறங்காமல், அங்கே எளிதில் போய்ச் சேரக்கூடிய இடத்தில் உறங்குவது என்ற இந்தக் கணக்கை நாம் ஆண்டுதோறும் விருந்தினர்களிடம் பார்க்கிறோம்; ஆனால் நாமே சிங்கப்பூருக்கோ பாங்காக்குக்கோ புறப்படும்போது அதை மறந்து, விளம்பரத்தில் முதலில் வரும் அறையைப் பிடித்துவிடுகிறோம். அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள விரும்பும் குடும்பங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் நாள் பார்க்க வேண்டும். அரையாண்டுத் தேர்வு விடுமுறை என்பது நமக்கு டிசம்பர் கடைசி வாரம். அதுவே ஆசிய நகரங்கள் பெரும்பாலானவற்றில் வாடகை உச்சத்தில் இருக்கும் வாரம். ஆனால் அந்த வாரத்தின் எல்லா இரவுகளும் ஒரே விலையில் இருப்பதில்லை. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் பாங்காக்கிலும் வாண வேடிக்கை நடக்கும் டிசம்பர் 31 இரவே மிகவும் விலை கூடியது. அதற்கு முந்தைய ஓரிரு இரவுகள் அதையொட்டி ஏறும். கிறிஸ்துமஸ் காலைத் திருப்பலியோ ஆராதனையோ முடிந்து, வீட்டில் எல்லோரோடும் சாப்பிட்டுவிட்டு, அன்றிரவோ மறுநாளோ திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, 30ஆம் தேதி திரும்பிவிடுவது என்று திட்டமிட்டால், பண்டிகையும் தவறாது, மிக விலை உயர்ந்த இரவும் நம் கணக்கில் வராது. ஜப்பானில் டிசம்பர் 25 வேலை நாள்தான். அங்கே நெருக்கடி 29ஆம் தேதி வாக்கில் தொடங்கி ஜனவரி 3 வரை நீடிக்கிறது.

டிசம்பரை விட்டு மே மாதத்துக்குத் தள்ளிப் போட முடிந்தவர்களுக்கு இன்னும் நல்லது, ஆனால் அங்கும் சில தேதிகளைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தாய்லாந்தின் சொங்க்ரான் புத்தாண்டு ஏப்ரல் 13 முதல் 15 வரை. ஜப்பானின் பொன் வாரம் என்ற தொடர் விடுமுறை ஏப்ரல் 29இல் தொடங்கி மே 5 வாக்கில் முடிகிறது. சீனாவின் தொழிலாளர் தின விடுமுறையும் மே முதல் நாட்களில் வருவதால், அந்நாட்டுப் பயணிகள் அண்டை நகரங்களை நிறைத்துவிடுவார்கள். மே இரண்டாம் வாரத்தில் இந்த மூன்று அலைகளும் ஓய்ந்திருக்கும். நம் பள்ளிகளுக்கு அப்போதும் விடுமுறை உண்டு. அக்டோபர் 1 முதல் 7 வரை சீனாவின் தேசிய விடுமுறை, ஜனவரி பிற்பகுதியிலிருந்து பிப்ரவரிக்குள் ஏதோ ஒரு வாரத்தில் வரும் சீனப் புத்தாண்டு, இவற்றையும் நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பத்துமலைக்குப் போகும் ஆசையில் தைப்பூசத்தன்றே கோலாலம்பூரில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள், மற்ற எல்லோருக்கும் முன்பாக அறையை உறுதி செய்துவிட வேண்டும்.

அடுத்தது இடம். சிங்கப்பூரில் மரினா பேயும் ஆர்ச்சர்ட் சாலையும் நம் கடற்கரை விடுதிகளைப் போன்றவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ரயிலில் சில நிறுத்தங்கள் தள்ளியிருக்கும் லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க், லெவெண்டர் பகுதிகளில் அறைகள் சிறியவை என்றாலும் வாடகை தணிவாக இருக்கும். சிராங்கூன் சாலையை ஒட்டித் தங்கினால் வீரமாகாளியம்மன் கோவிலும், நள்ளிரவிலும் சாப்பாடு கிடைக்கும் கடைகளும் நடை தூரத்தில் இருக்கும். வயதானவர்களை அழைத்துப் போகும் குடும்பத்துக்கு இது வாடகையைவிடப் பெரிய லாபம் என்பது என் கருத்து. கேலாங் பகுதியில் இன்னும் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அதன் சில சந்துகள் சிவப்பு விளக்குப் பகுதியாக இருப்பதால், குழந்தைகளோடு போகிறவர்கள் வரைபடத்தில் தெருவைப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங்கை விட்டு பிரிக்ஃபீல்ட்ஸைப் பாருங்கள். மத்திய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரல் அதன் பக்கத்திலேயே இருப்பதால் விமான நிலைய ரயிலும் பத்துமலை ரயிலும் அங்கிருந்தே கிடைக்கும். வாழை இலைச் சாப்பாட்டுக்கும் அலைய வேண்டாம். பாங்காக்கில் சுகும்வித் உயர்மட்ட ரயில் பாதையில் ஒன் நுத் நிறுத்தத்தைத் தாண்டிப் போகப் போக வாடகை இறங்கும். கியோட்டோவுக்கு நாகர்கோவில் போல அமைந்த ஊர் ஓட்சு. ரயிலில் பத்து நிமிடப் பயணம்தான். டோக்கியோவில் சுற்றுலாப் பகுதிகளைத் தேடாமல் ஷிம்பாஷி, காண்டா போன்ற அலுவலகப் பகுதிகளில் உள்ள பிசினஸ் ஓட்டல்களைப் பாருங்கள். அலுவலக வேலையாக வருகிறவர்களை நம்பி நடக்கும் அந்த விடுதிகளில், அலுவலகங்கள் மூடிக் கிடக்கும் விடுமுறை நாட்களில் அறை காலியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தள்ளித் தங்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. சிங்கப்பூரில் வாடகை கூடுதல் என்று மலேசியாவின் ஜொகூர் பாருவில் அறை எடுத்து, தினமும் பாலம் கடந்து போய் வரலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். பாலம் ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையையும் ஒவ்வொரு முறையும் கடக்க வேண்டும், விடுமுறை நாட்களில் அந்த வரிசை மணிக்கணக்கில் நீளும். சேமித்த பணம் பிள்ளைகளின் களைப்பிலும் வீணான பொழுதிலும் போய்விடும் என்பதால், இதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

திரையில் தெரியும் விலையும் கையில் இருந்து போகும் பணமும் ஒன்றல்ல. சிங்கப்பூரில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் போட்டிருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று பொருள். 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அறைக்கு 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேர்ந்து 110 ஆகும். அந்த 110க்கு, 2024 முதல் நடப்பில் உள்ள 9 சதவீதப் பொருள் சேவை வரி சேர்ந்து 119 வெள்ளி 90 காசு ஆகும். மலேசியாவில் வெளிநாட்டினர் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும். இது பெரும்பாலும் இணையத்தில் கட்டிய தொகையில் சேராமல் வரவேற்பு மேசையில் கேட்கப்படும். இரண்டு அறை, ஐந்து இரவு என்றால் 100 ரிங்கிட். ஹாங்காங்கில் 2025 ஜனவரி முதல் 3 சதவீத விடுதி வரி மீண்டும் வந்துவிட்டது. ஜப்பானில் வேறொரு வழக்கம்: அங்கே பல விடுதிகள் அறைக்கு அல்லாமல் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிடுகின்றன. எனவே இரண்டு பேர் என்று போட்டுத் தேடி, நான்கு பேராகப் போய் நிற்கக் கூடாது. தேடும்போதே பிள்ளைகளின் வயதோடு சரியான எண்ணிக்கையைக் கொடுங்கள்.

அறையைப் பற்றி ஓர் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். அம்மாவை முதன்முறையாகக் கோலாலம்பூருக்கு அழைத்துச் சென்றபோது, படத்தில் அழகான திரைச்சீலை தெரிந்த ஓர் அறையை நல்ல விலைக்குப் பிடித்திருந்தேன். அம்மா போனதும் காற்றுக்காகத் திரையை விலக்கினார். பின்னால் வெள்ளையடித்த சுவர் இருந்தது. கடல் காற்றிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு நான்கு இரவுகளும் சரியாக உறக்கம் இல்லை. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது என்பதை விடுதி மறைக்கவில்லை, விவரப் பட்டியலின் அடியில் ஒரு வரியில் எழுதித்தான் இருந்தது, நான் படிக்கவில்லை. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் மலிவு விடுதிகளில் ஜன்னல் இல்லாத அறைகள் சாதாரணம். ஆகவே அறையின் பெயர், ஜன்னல், சதுர மீட்டர் கணக்கு, கட்டில் ஒன்றா இரண்டா, மின்தூக்கி உண்டா என்ற ஐந்தையும் படிக்காமல் பணம் கட்டாதீர்கள். ஹாங்காங்கின் சிம் ஷா சுய் பகுதியில் சுங்கிங் மேன்ஷன்ஸ் கட்டடத்தில் உள்ள சிறு விடுதிகள் அந்நகரில் மலிவுக்குப் பெயர் பெற்றவை. தனியாகப் போகும் இளைஞருக்கு அவை போதும், குடும்பத்துக்கு இடம் போதாது.

நான்கு பேர் ஒரே வீட்டில் தங்கிச் சமைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் தனியார் குடியிருப்புகளை மூன்று மாதத்துக்குக் குறைந்த காலத்துக்கு வாடகைக்கு விடச் சட்டம் இடம் தருவதில்லை. எனவே சில நாட்களுக்கு வீடு தருகிறேன் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். அதற்குப் பதிலாக, நம் மாவட்டத்தில் பலருக்கும் பழக்கமான ஒய்எம்சிஏ நடத்தும் விடுதிகளைச் சீசனில் ஒரு முறை விசாரித்துப் பாருங்கள். ஹாங்காங்கின் சிம் ஷா சுய்யில் உள்ளதைப் போலச் சில, நகரின் நடுவிலேயே இருக்கின்றன. விலை எப்போதும் குறைவாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இருப்பிடத்தைப் பார்க்கையில் நியாயமாக அமையும் நாட்கள் உண்டு.

முன்பதிவு செய்யும் விதத்தில்தான் பெரிய சேமிப்பு இருக்கிறது. விமானச் சீட்டு எடுத்த அன்றே, கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய ஓர் அறையைப் பிடித்து வையுங்கள். விசா கைக்கு வரும் வரை, திரும்பப் பெற முடியாத விலையில் எதையும் வாங்காதீர்கள். சில நூறு ரூபாய் குறைவு என்பதற்காக முழுத் தொகையையும் பணயம் வைப்பது சரியல்ல. பிறகு மாதம் ஒரு முறையும், ரத்து செய்யும் கெடுவுக்கு முந்தைய வாரத்தில் தினமும் அதே விடுதியையும் பக்கத்து விடுதிகளையும் பாருங்கள். மற்றவர்கள் ரத்து செய்யும் அறைகள் அந்தக் கெடுவை ஒட்டித்தான் சந்தைக்கு வருகின்றன. விலை இறங்கியிருந்தால் புதிய அறையை உறுதி செய்துவிட்டு, அதன் பிறகே பழையதை ரத்து செய்யுங்கள். விடுதியின் சொந்தத் தளத்தையும் பார்ப்பது நல்லது. லிட்டில் இந்தியாவிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் தொலைபேசியை எடுப்பவர் தமிழ் பேசுபவராக இருக்க வாய்ப்பு உண்டு, குழந்தைக்குக் கூடுதல் கட்டில் போன்றவற்றைப் பேசியே தீர்க்கலாம். பணம் கட்டும்போது ரூபாயில் காட்டவா என்று கேட்டால், அந்த நாட்டு நாணயத்திலேயே கட்டுகிறேன் என்று தேர்ந்தெடுங்கள், ரூபாயாக மாற்றிக் காட்டும் கணக்கில் அவர்களுடைய லாபமும் சேர்ந்திருக்கும். உங்கள் வங்கி அட்டைக்கு அந்நியச் செலாவணிக் கட்டணம் எத்தனை சதவீதம் என்பதையும் முன்னதாகவே கேட்டு வையுங்கள்.

ரத்து செய்யும் கெடு விடுதி இருக்கும் ஊரின் நேரப்படிதான் கணக்கிடப்படுகிறது. சிங்கப்பூரும் கோலாலம்பூரும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னே இருப்பதால், அங்கே நள்ளிரவு 12 என்பது நாகர்கோவிலில் இரவு 9.30, டோக்கியோவுக்கு இரவு 8.30, பாங்காக்குக்கு 10.30. சாப்பிட்டு முடித்து நிதானமாகப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் கெடு கடந்திருக்கும்.

இதே போன்ற கவனம் போய்ச் சேரும் தேதிக்கும் வேண்டும். 26ஆம் தேதி இரவு திருவனந்தபுரத்தில் ஏறினால் அங்கே இறங்குவது 27 விடியற்காலை. அறை பொதுவாகப் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டிகளை வரவேற்பு மேசையில் வைத்துவிட்டு வெளியே போகலாமா என்று முன்பே எழுதிக் கேட்டு, பதிலைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையோ முதியவரோ உடன் இருந்து, போனதும் படுத்தே ஆக வேண்டும் என்றால் 26ஆம் தேதி இரவுக்கும் சேர்த்துப் பதிவு செய்து, காலையில்தான் வருவோம் என்று விடுதிக்குத் தெரிவித்துவிடுங்கள். தெரிவிக்காவிட்டால், அன்றிரவு ஆள் வரவில்லை என்று முழுப் பதிவையும் ரத்து செய்துவிடக்கூடும்.