சேவையகம் இல்லாத வலையமைப்புக்கு நியமம் எழுதுவது எப்படி?

ஹட்டனில் உள்ள சில மாணவர்கள், க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் கடந்தகால வினாத்தாள்களை எந்த மையச் சேவையகத்தையும் நம்பியிராமல் கைப்பேசிக்குக் கைப்பேசி நேரடியாகப் பகிர்ந்துகொள்ளும் பியர்-டு-பியர் மென்பொருள் ஒன்றை எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எழுதுபவர்கள் அவர்கள் மட்டுமே என்றால் நியமம், அதாவது மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் விதிகளை வகுக்கும் ஆவணம், எதுவும் தேவையில்லை; நிரலே போதும். பதுளையில் இருக்கும் வேறொருவர், அந்த நிரலைப் பார்க்காமலே அதே வலையமைப்பில் சேரும் இன்னொரு மென்பொருளை எழுத முற்படும்போதுதான் நியமம் தேவையாகிறது. ஆகவே எழுதும் ஒவ்வொரு வரியையும், ஹட்டன் குழுவிடம் ஒரு கேள்விகூடக் கேட்க முடியாத அந்தப் பதுளைக்காரரின் கண்ணால் படித்துப் பார்க்க வேண்டும்.

நியமம் சொல்ல வேண்டியவை இரண்டே: வலையமைப்பில் செல்லும் பைட்டுகள் எப்படி இருக்கும் என்பதும், அவற்றைப் பெறும் கணு (வலையமைப்பில் சேர்ந்துள்ள ஒவ்வொரு கைப்பேசி அல்லது கணினி) என்ன செய்ய வேண்டும் என்பதும். நினைவகத்தில் தரவை எப்படி வைத்துக்கொள்வது, திரையில் எப்படிக் காட்டுவது என்பவை அவரவர் விருப்பம். கட்டாயம், பரிந்துரை, அனுமதி ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் சொற்களுக்கு 1997இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 2119 ஒரு மரபை வகுத்தது (ஆர்.எஃப்.சி. என்பது இணைய நியமங்கள் வெளியாகும் ஆவண வரிசை). தமிழில் எழுதுவோரும் ‘வேண்டும்’, ‘கூடாது’, ‘பரிந்துரைக்கப்படுகிறது’, ‘செய்யலாம்’ என்பவற்றின் பொருளைத் தொடக்கத்திலேயே வரையறுத்துவிடுவது நல்லது. ஒவ்வொரு ‘வேண்டும்’ என்பதற்கும், அதை மறுபக்கம் மீறினால் இந்தப் பக்கம் என்ன செய்வது என்ற வரியும் கூடவே வர வேண்டும். ‘இயன்றவரை’, ‘பொருத்தமான நேரத்தில்’ போன்ற தொடர்களை நான் வரைவில் கண்டால் உடனே அடித்துவிடுவேன்.

அடுத்து, கணுக்கள் எத்தகைய இடத்தில் இயங்கும் என்பதை ஒளிக்காமல் எழுத வேண்டும். தோட்டத்து லயன் அறைக்குள் சிக்னல் ஒரு கோடாக இருக்கும்; மேட்டிற்கு ஏறினால் மூன்றாகும்; மழை இறங்கி மின்சாரம் போனால் எதுவுமே இருக்காது. அதற்கும் மேலாக, கைப்பேசி வலையமைப்புகளில் பல, பயனர்களுக்குப் பொது முகவரி தராமல் பலர் ஒரே பொது முகவரியைப் பகிரச் செய்யும் ஒரு பெரிய நேட் அமைப்பின் பின்னால் வைத்திருக்கின்றன. இதற்கென்றே 2012இல் 100.64.0.0/10 என்ற முகவரித் தொகுதி ஒதுக்கப்பட்டது. இவ்வாறு மறைந்திருக்கும் இரண்டு கைப்பேசிகள் ஒன்றையொன்று நேராக அழைக்க முடியாது. தம் வெளிமுகவரியை அறிய ஸ்டன் (ஆர்.எஃப்.சி. 8489), சாத்தியமான பாதைகளைச் சோதித்துத் தேர ஐஸ் (8445), நேர்வழி கிடைக்காதபோது இடைநிலைக் கணு வழியாக அனுப்ப டேர்ன் (8656) என்று ஏற்கெனவே நியமங்கள் உள்ளன. அவற்றை மேற்கோளிட்டுப் பயன்படுத்துங்கள். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டாம். ஆனால் அந்த இடைநிலைக் கணு யாருடையது என்பதை இந்த நியமங்கள் உங்களுக்காகத் தீர்மானிக்காது. ஒருவர் காசு கொடுத்து வாங்கிய டேட்டாவில் அவர் அறியாமல் இன்னொருவரின் கோப்பு ஓடக் கூடாது என்பதைக் கட்டாய விதியாக எழுத வேண்டும் என்பது என் கருத்து. நேட் வழியைத் திறந்து வைத்திருக்க ஐஸ் இயல்பாக 15 வினாடிக்கு ஒரு பொதி அனுப்பச் சொல்கிறது. பழைய கைப்பேசியின் மின்கலத்துக்கு இது சுமை என்பதால், பரிமாற்றம் இல்லாத வேளையில் இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும் முறையையும் வரையறுக்க வேண்டும்.

எல்லாக் கணுக்களும் சமம் என்ற கொள்கையை அளவோடு பிடிப்பது நலம். கோப்புகளைப் பகிரும் பியர்-டு-பியர் நெறிமுறையான பிட்டொரண்டின் கணுத் தேடல், 2002இல் வெளிவந்த கடெம்லியா வடிவமைப்பைத் தழுவியது. நெடுநேரம் இணைப்பில் இருக்கும் கணு இன்னும் நெடுநேரம் இருக்கும் என்ற அவதானிப்பின் மேல் அது நிற்கிறது. மணிக்கொருமுறை மறையும் கைப்பேசிகளை வழிகாட்டிப் பட்டியலில் சேர்த்தால் தேடல்கள் பதிலின்றிக் காத்துக் கிடக்கும். அத்தகைய கணு கேள்வி கேட்கலாம், பட்டியலில் இடம்பெறக் கூடாது என்ற பாத்திரத்தைத் தனியே வையுங்கள். கோப்புத் துண்டுகளிலும் இதே கவனம் வேண்டும்: பிட்டொரண்டின் இரண்டாம் பதிப்பு 16 கிபிபைட் துண்டு ஒவ்வொன்றையும் எஸ்.எச்.ஏ.-256 என்ற ஹாஷ் (தரவிலிருந்து கணிக்கப்படும், கைரேகை போன்ற எண்) கொண்டு தனித்தனியே சரிபார்க்க இடமளிக்கிறது. இணைப்பு பாதியில் அறுந்தாலும், அதுவரை வந்த துண்டுகள் வீணாகா.

செய்தி வடிவத்தில் எண்களின் பைட்டு வரிசை, ஒவ்வொரு புலத்தின் உச்ச நீளம் ஆகியவற்றை எல்லோரும் எழுதிவிடுவார்கள். எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் முறையைத்தான் மறப்பார்கள். ‘யூடிஎஃப்-8’ என்று மட்டும் எழுதினால் போதாது. ‘கொட்டகலை’ என்ற குழுப் பெயரில் ஒகரக் குறியை ஒரே யூனிகோடு குறியெண்ணாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டுகளிலோ முதலாவது 24, இரண்டாவது 27. பெயரை ஹாஷ் செய்து குழுவைத் தேடும் வலையமைப்பில் இப்படி இருவிதமாக எழுதுபவர்கள் இரு வேறு குழுக்களாகப் பிரிந்துபோவார்கள். பிழைச் செய்திகூட வராது. ஹாஷ் செய்யுமுன் யூனிகோடின் என்.எஃப்.சி. என்ற ஒருசீரான வடிவத்துக்கு மாற்ற வேண்டும் என்ற ஒரு வரி இதைத் தடுக்கும்.

வருங்கால மாற்றங்களுக்கு இடம் விடுவதும் முதல் பதிப்பிலேயே நடக்க வேண்டும். பிட்டொரண்டில் இணைப்பின் தொடக்கத்தில் அனுப்பும் கைகுலுக்கல் செய்தியில் 8 பைட்டுகள் வெறுமனே ஒதுக்கப்பட்டிருந்தன. பிற்பாடு வந்த விரிவாக்கங்கள் அந்தப் பிட்டுகளில்தான் தம்மை அறிவித்துக்கொண்டன. தெரியாத புலத்தைக் கண்ட கணு அதைப் புறக்கணிக்க வேண்டுமா, இணைப்பை முறிக்க வேண்டுமா என்று தெளிவாக எழுதுங்கள். எழுதினாலும் போதாது, ஏனெனில் பயன்படாத விதியை நிரலாளர் தவறாகவே எழுதி வைப்பர். 2020இல் வந்த ஆர்.எஃப்.சி. 8701, இணைய இணைப்புகளை மறையாக்கும் டி.எல்.எஸ். நெறிமுறையில் வேண்டுமென்றே பொருளற்ற மதிப்புகளை அவ்வப்போது அனுப்பி மறுபக்கத்தைப் பழக்குகிறது, அதைப் பின்பற்றலாம்.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்லலாம். மறையாக்கத்தைச் சொந்தமாக வடிவமைக்காதீர்கள். முகவரி உறுதிப்படாத கணுவுக்கு, அதனிடமிருந்து வந்ததைப் போல் மூன்று மடங்குக்கு மேல் திருப்பி அனுப்பக் கூடாது என்ற குவிக் என்ற இணையப் போக்குவரத்து நெறிமுறையின் விதியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையேல், பிறர் முகவரியைப் பொய்யாகத் தந்து கேட்பவர்கள் கையில் உங்கள் வலையமைப்பு மற்றவர்களைத் தாக்கும் கருவியாகும். யார் எதைத் தேடுகிறார் என்பது எத்தனை கணுக்களுக்குத் தெரியவரும் என்பதையும் ஒளிவின்றி எழுதுங்கள்.

இறுதியாக, மாதிரிச் செய்திகளைப் பைட்டு பைட்டாகப் பின்னிணைப்பில் தந்து, ஒருவர் நிரலை மற்றவர் பார்க்காமல் எழுதப்பட்ட இரண்டு மென்பொருள்களை ஒன்றோடொன்று பேசவிட்டுப் பாருங்கள். இணைய நியமங்களை உருவாக்கும் ஐ.ஈ.டி.எஃப். அமைப்பும் ஒரு நெறிமுறையை முழு இணைய நியமமாக உயர்த்துமுன் இத்தகைய இரண்டு நிரலாக்கங்களையேனும் கேட்கிறது. அவை முரண்படும் ஒவ்வோர் இடத்திலும் நிரலைத் திருத்துமுன் நியமத்தின் வாசகத்தைத் திருத்துங்கள். அந்த அமைப்பில் சேர உறுப்பினர் கட்டணம் இல்லை; எவரும் இணைய வரைவு ஒன்றைச் சமர்ப்பிக்கலாம். ஆறு மாதத்தில் அது காலாவதியாகும் என்பதால், புதுப்பிக்கும் பொறுப்பை முன்கூட்டியே ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.